காற்றும் கரையும் நாழிகையும்

பாய்ப்பலகை ஓட்டுவதற்கு ஏற்ற கரை எது என்று கேட்டால், காற்று பலமாக வீசும் கரையே ஏற்ற கரை என்று பலர் தயங்காமல் விடை சொல்லிவிடுவார்கள். ஆண்டில் ஐந்தாறு மாதம் ஒரே திசையிலிருந்து ஒரே சீராகக் காற்று வீசிக்கொண்டிருக்கும் பிரதேசங்களில் வாழ்கிறவர்களுக்கு அந்த விடை போதுமானதாகவும் இருக்கலாம். காற்று மிதமாக வீசுவதும், அதன் திசை காலைக்கும் மாலைக்கும் மாறுவதும், சமுத்திரம் நாளொன்றுக்கு இருமுறை கரையை விட்டு வெகுதூரம் விலகிப் பின் திரும்பி வருவதும், அது விலகிச் சென்ற இடமெல்லாம் முழங்கால் புதையும் சேறாகக் கிடப்பதுமான ஒரு கரையிலோ கேள்வியே வேறு வடிவம் கொள்கிறது; எந்த இடம் என்று கேட்பதோடு, எந்தத் திசைக் காற்றுக்கு, எந்தத் திதியில், எந்த நாழிகைக்கு என்றும் கேட்டாக வேண்டியிருக்கிறது. மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தின் வடகரை இத்தகையது. தெற்கே ஜெராம், பந்தாய் ரெமிஸ் வட்டாரத்தில் தொடங்கி, கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், செக்கிஞ்சான், சுங்கை பெசார் என்று வடமேற்காக நீண்டு, பெர்ணம் ஆற்றின் முகத்துவாரத்தில் முடியும் இந்தக் கரை பாய்ப்பலகை விளையாட்டுக்குப் பெயர்பெற்றதன்று. ஆயினும் கடற்கரையைக் காற்றைக் கொண்டு அறிவது எப்படி என்பதைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த பாடசாலை அகப்படுவது அரிது.

விண்ட்சர்ஃபிங் என்று இன்று உலகம் அழைக்கும் இவ்விளையாட்டுக்கு வயது அதிகமில்லை. அமெரிக்காவில் நியூமன் டார்பி என்பவர் 1964-இல் பலகை ஒன்றின்மேல் பாயை நிறுத்தி ஓட்டினார். ஹாயில் ஷ்வைட்சரும் ஜிம் டிரேக்கும், எப்பக்கமும் சாயவும் சுழலவும் கூடிய மூட்டு ஒன்றால் பாய்மரத்தைப் பலகையோடு இணைக்கும் அமைப்புக்கு 1968-இல் காப்புரிமை கோரினார்கள். 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆடவர்க்கும், 1992-இல் பார்சிலோனாவில் மகளிர்க்கும் இது போட்டியாயிற்று. சரித்திரத்தில் இவ்வளவு போதும். நமக்கு வேண்டியது அந்த மூட்டின் விளைவு. படகில் சுக்கான் செய்யும் வேலையை இங்கே மனிதனின் உடலே செய்கிறது. பாயை முன்னே சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகித் திரும்பும். பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். பலகையின் அடியில் பொருத்திய செதில் அது பக்கவாட்டில் நழுவாதபடி நீரைப் பற்றிக்கொள்கிறது. இவ்விரண்டும் சேர்வதால், காற்று வரும் திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 45 பாகை நீங்கலாக, எத்திக்கிலும் செல்லலாம். காற்றுக்கு எதிரே உள்ள அந்தப் பகுதிக்குள் மட்டும் நேராகப் போக முடியாது. அங்கே போக வேண்டுமானால் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும்.

காற்றும் கரையும் சந்திக்கும் கோணம் ஏன் முதன்மை பெறுகிறது என்பது இதிலிருந்தே விளங்கும். கடலிலிருந்து கரையை நோக்கி நேராக வீசும் காற்றில் புறப்படுகிறவன், தன்னால் செல்ல முடியாத ஒரே திசையில்தான் செல்ல வேண்டியிருக்கிறது. அலையும் காற்றும் அவனைத் திரும்பத் திரும்பக் கரையில் கொண்டுவந்து தள்ளும். அது சலிப்பைத் தரும். பெரும்பாலும் உயிரைப் பறிக்காது. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றோ புறப்படுகிறவனைப் புன்னகையோடு வரவேற்கும். கரையோரத்தில் நீர் கண்ணாடிபோல் அலையின்றிக் கிடக்கும். நூறு மீட்டர் போனபின்தான் காற்றின் உண்மையான பலம் தெரியும். பாய் கிழிந்தாலோ கை சோர்ந்தாலோ ஒவ்வொரு நிமிஷமும் அவன் கரையிலிருந்து விலகிக்கொண்டே இருப்பான். கரைக்கு இணையாக, அல்லது இணையிலிருந்து சற்றே கடற்பக்கமாகச் சாய்ந்து வரும் காற்றே உத்தமமானது. ஒரே வேகத்தோடு போகவும் வரவும் அது இடம் தரும், இடர் நேர்ந்தால் கரையிலேயே கொண்டுவந்து விடும். இதைவிட அவசியமான விதி இவ்விளையாட்டில் வேறில்லை என்று கருதுகிறேன். காற்றின் வேகத்தைப் பொறுத்தவரை ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: பாயின்மேல் விழும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. 10 நாட் (மணிக்கு 10 கடல்மைல்) காற்று 20 நாட்டாகும்போது விசை இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. சுமார் 12 நாட்டுக்கு மேல்தான் சாதாரணப் பலகை நீரைக் கிழித்துச் செல்வதை விட்டு அதன்மேல் வழுக்கி ஓடத் தொடங்கும்.

இனி நம் கரைக்கு வருவோம். வரைபடத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் எழும். இந்தக் கரை மேற்கையும் தென்மேற்கையும் நோக்கித் திறந்து கிடக்கிறது. மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலம். அப்படியிருந்தும் இந்தக் கரையில் ஏன் பெருங்காற்று இல்லை? நூறு கிலோமீட்டருக்கு அப்பால், மலாக்கா ஜலசந்தியின் மறுகரையில், சுமாத்திரா தீவின் முதுகெலும்பாகப் பாரிசான் பர்வதத்தொடர் நிற்கிறது. அதன் உயர்ந்த சிகரமான கெரிஞ்சி 3,805 மீட்டர். இந்து மகா சமுத்திரத்திலிருந்து வரும் காற்றை அது தடுத்து, தளர்த்தி, வளைத்து அனுப்புகிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வரும் வடகிழக்குப் பருவக்காற்றையோ தித்திவாங்சா மலைத்தொடர் நமக்குப் பின்னாலிருந்து மறைக்கிறது. இரண்டு மலைத்தொடர்களுக்கு இடைப்பட்ட நீர்ப்பாதையின் ஓரத்தில் கோல சிலாங்கூர் அமைந்திருக்கிறது. கிழக்குக் கரையில் குவாந்தானுக்கு அருகிலுள்ள பாலோக் கடற்கரையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பாய்ப்பலகைக்காரர்கள் காற்றைக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது, அதே நாளில், அதே அட்சரேகையை ஒட்டி, மலைக்கு இப்பால் ஜெராமில் தென்னங்கீற்று அசையாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

மலை மறைக்காத கரைகளில் பருவக்காற்று என்ன செய்கிறது என்பதை நம்மவர் வாழும் வேறு இடங்களில் காணலாம். இராமேசுவரம் தீவிலிருந்து தனுஷ்கோடி முனைக்குச் செல்லும் ஒடுங்கிய மணல்திட்டின் ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. சோழகக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் அலையடங்கி இருக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழாகும். மீனவர்கள் பருவத்துக்கேற்ப ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தொழிலை மாற்றிக்கொள்கிறார்கள். அண்மைக் காலத்தில் அங்கே வரும் பாய்ப்பலகைக்காரர்களும் காற்றுப்பட்டத்தால் பலகை ஓட்டுகிறவர்களும் அதையே பின்பற்றுகிறார்கள். இலங்கையின் கற்பிட்டியிலும், மே முதல் அக்டோபர் வரை வீசும் தென்மேற்குக் காற்று ஒடுங்கிய மணல்மேட்டைக் கடந்து வந்து, அலையில்லாத களப்பு நீரின்மேல் பலம் குன்றாமல் ஓடுகிறது. பெருங்கடலின் காற்றும் குளத்தின் நீர்ப்பரப்பும் ஒரே இடத்தில் கிடைப்பதால் கற்பிட்டி உலகப் புகழ் பெற்றது. அத்தகைய பாக்கியம் நமக்கில்லை. நமக்கு வாய்த்திருப்பது நம் கரையே உண்டாக்கிக்கொள்ளும் காற்று.

அதுவே கடற்காற்று. வெயிலில் நிலம் விரைவில் சூடேறுகிறது. நீரோ தன் உஷ்ணத்தை ஆழத்துக்குப் பகிர்ந்துகொள்வதாலும், சூடேற அதிக வெப்பம் வேண்டுவதாலும் மெதுவாகவே சூடேறுகிறது. நிலத்தின்மேல் காற்று லேசாகி எழ, அவ்விடத்தை நிரப்பக் கடலின்மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. வெயில் தெளிந்த பிற்பகல்களில் மலேசியக் கரைகளில் இது 10 முதல் 15 நாட் வரை பலம் பெறும்; பல பத்துக் கிலோமீட்டர் உள்நாட்டுக்கும் செல்லும். இரவில் இதற்கு எதிராக, இதைவிட மெலிந்த நிலக்காற்று கடலை நோக்கிப் போகும். கடற்காற்று எந்நேரம் உச்சம் பெறும் என்று கணக்கிடுகிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரைமணி முன்னே தள்ளி வைக்கப்பட்டன. அதன் பயனாகக் கோல சிலாங்கூரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ ஒன்றே கால் மணிக்குத்தான். ஆகவே மற்ற நாடுகளின் நூல்கள் நண்பகல் கழிந்து இரண்டு மணி நேரம் என்று சொன்னால், இங்கே அது பிற்பகல் மூன்றே கால் என்று கொள்ள வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து ஐந்தரை வரை இந்தக் கரையின் காற்றுவேளை.

அக்காற்று வந்துவிட்டதா என்பதை அறியக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ தோட்டத்துச் சாலையில் நின்று ஆகாயத்தைப் பார்த்தாலே போதும். மேற்கே கடலின்மேல் வானம் தெளிந்து, கிழக்கே செம்பனைகளுக்கு மேல் பஞ்சு மேகங்கள் கரைக்கு இணையாக வரிசை கட்டினால், அந்த வரிசைதான் கடற்காற்றின் முன்னணி. அதற்கு இப்பால் எல்லாம் கடற்காற்றின் ஆட்சி. ஜனவரி, பிப்ரவரியில் மெலிந்த வடகிழக்குக் காற்று எதிரே நிற்கும் நாட்களில் இந்த முன்னணி தாமதித்து, கூர்மையாக வரும். வடகிழக்குக் காற்று பலத்திருந்தால் வராமலே போகும். தஞ்சோங் காராங்கையும் செக்கிஞ்சானையும் சூழ்ந்த பெரிய நெல்வெளி நீர் நிறைந்திருக்கும் வாரங்களில் நிலம் பாதி நீராகிவிடுவதால் மெதுவாகச் சூடேறும். அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும்போது விரைந்து சூடேறும். கடற்காற்றின் பலம் அதற்கேற்ப ஏறி இறங்க இடமுண்டு. கூர்ந்து பதிவு செய்து பார்ப்பவர்களுக்கு இது நல்ல ஆராய்ச்சிப் பொருள்.

கடற்காற்றைப் பற்றி இன்னும் ஒரு விஷயம். சென்னை போன்ற இடங்களில் அது மாலை நெருங்க நெருங்க வலப்புறமாகத் திரும்பி, கரைக்குச் சாய்வாக ஓடத் தொடங்கும். பூமியின் சுழற்சி அதைத் திருப்புகிறது. அச்சுழற்சியின் விளைவு பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கக் குன்றுகிறது. சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. கோல சிலாங்கூரோ 3 பாகையைச் சற்றே கடந்த இடத்தில். கணக்கிட்டால் அங்குள்ள திருப்பும் தன்மை இங்குள்ளதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆகவே நம் கடற்காற்று மாலைவரை பெரும்பாலும் கரையை நோக்கியே வீசும். தானாகத் திரும்பி உத்தமக் கோணத்துக்கு வரும் என்று காத்திருக்க முடியாது. காற்று திரும்பாதபோது, கரை திரும்பும் இடத்தைத் தேட வேண்டும். நேர்க்கோடுபோல் தோன்றும் இக்கரையிலும் ஆற்று முகங்களை ஒட்டியும் சிறு முனைகளிலும் கரையின் திசை சில பாகை மாறுகிறது. அந்தச் சில பாகையே புறப்பட முடியாத இடத்தையும் புறப்பட முடிந்த இடத்தையும் பிரிக்கிறது. இருபுற மலைகளும் காற்றை ஜலசந்தியின் வழியே வளைப்பதால், சில நாட்களில் வடமேற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ கரைக்கு இணையாகவே காற்று ஓடுவதுண்டு. அவை அரிய நாட்கள். தேர்ந்தவர்கள் அவற்றைத் தவற விடமாட்டார்கள்.

காற்றை இவ்வளவு ஆராய்ந்த பின்னும், கடல் இல்லாவிட்டால் பயனில்லை. இந்தக் கரையில் கடல் உண்மையாகவே இல்லாமல் போகிறது. கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய கடலில் அமாவாசை, பௌர்ணமி நாட்களின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் நான்கு மீட்டருக்கு மேல் வேறுபடும். கரையோ மிக மெல்லிய சரிவுடைய சேற்றுப்பரப்பு. வற்றம் வந்தால் நீரின் விளிம்பு கிலோமீட்டர்க் கணக்கில் பின்வாங்கும். ஏற்றத்தின் நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் மொத்த உயர்வில் பாதி ஏறிவிடுவதால், அவ்வேளையில் நீர் சேற்றின்மேல் மணிக்குப் பல நூறு மீட்டர் முன்னேறி வரும். இக்கரையிலுள்ள சாசாரான் கிராமத்துக்கு அப்பால் கடலின் நடுவே சில மணி நேரம் மட்டும் தலைகாட்டி, மெல்லிய நீர்ப்படலத்தில் ஆகாயத்தைப் பிரதிபலிக்கும் மணல்திட்டை, ஆகாயக் கண்ணாடி என்ற பெயரில் காண வெளியூர்களிலிருந்து வருகிறார்கள். அவர்களை அழைத்துச் செல்லும் படகுகள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மட்டும் புறப்படுவதற்குக் காரணம், அந்நாட்களின் வற்றத்தில்தான் நீர் அத்திட்டை விட்டு இறங்கும் என்பதே.

இங்கே தோட்டப்புறத் தமிழர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ஒவ்வொரு நாளின் திதியும் அச்சிடப்பட்டிருக்கிறது. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள கோணத்தின் அளவேயன்றி வேறில்லை. ஏற்றத்தையும் வற்றத்தையும் ஆள்வதும் அதே கோணம்தான். இக்கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றம் காலை ஆறு மணியை ஒட்டியும் மாலை ஆறு மணியை ஒட்டியும் உச்சமடைகிறது. வற்றம் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வருகிறது. அதன்பின் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிஷம் தள்ளிப்போகும். இதைக் கடற்காற்றின் வேளையோடு பொருத்திப் பாருங்கள். பௌர்ணமியன்று நண்பகலில் சேறு வெளிப்பட்டு, மூன்று மணிக்கு நீர் பாதி ஏறி, காற்று பலம் பெறும் நேரமும் நீர் நிறையும் நேரமும் ஒன்றாகச் சேர்கின்றன. அதற்கு நான்கு நாள் முன்னே, ஏகாதசியன்று, ஏற்றத்தின் உச்சமே பிற்பகல் மூன்று மணியை ஒட்டி வரும். அதுவும் நல்ல நாள். பௌர்ணமி கழிந்து சதுர்த்தி, பஞ்சமி வரும்போதோ வற்றம் மூன்றரைக்கும் நான்கரைக்கும் இடையே வந்து நிற்கும். காற்று மிகச் சிறந்து வீசும் வேளையில் காலடியில் சேறுதான் இருக்கும். அட்டமி, நவமியில் ஏற்றமும் வற்றமும் தளர்ந்துவிடுவதால் நீர் அதிகம் விலகாது, அதிகம் ஏறவும் செய்யாது. அமாவாசையை ஒட்டிய பட்சத்திலும் இதே கணக்குத்தான். ஏகாதசியிலிருந்து பிரதமை வரை கடலுக்குப் போகலாம், திருதியையிலிருந்து சஷ்டி வரை பலகையை வீட்டிலேயே வைத்திருக்கலாம் என்று ஒருவன் திதியைக்கொண்டே திட்டமிட முடியும். சரியான நிமிஷத்தை அறிய நில அளவை, வரைபட இலாகா ஆண்டுதோறும் வெளியிடும் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்தே ஆக வேண்டும். காலண்டர் காட்டுவது நாளை, அட்டவணை காட்டுவது நாழிகையை.

சேற்றைப் பகையாக மட்டும் எண்ணுவதும் நியாயமாகாது. இளகிய சேறு அலையின் சக்தியை உறிஞ்சிக்கொள்கிறது. கேரளத்தில் ஆலப்புழையை ஒட்டிய கடலில் தென்மேற்குப் பருவத்தின் கொந்தளிப்புக்கு நடுவே சாகரை என்னும் அமைதியான நீர்ப்பகுதி தோன்றி மீனவர்களை வாழவைப்பதும் இதே காரணத்தால்தான். நம் கரையில் ஏற்றம் நிறைந்த பிற்பகலில், 12 நாட் காற்றிலும் அலை இடுப்புக்கு மேல் எழாததும், கற்றுக்கொள்கிறவன் விழுந்தாலும் எழுந்தாலும் நீர் மார்பளவுக்குள் இருப்பதும், காற்று அவனைக் கரைக்கே திருப்புவதும் சேர்ந்து, தொடக்க மாணவனுக்கு இக்கரையை ஏற்றதாக்குகின்றன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்காக மார்செய் நகரில் நடந்த பாய்ப்பலகைப் போட்டிகளில், பலகையை நீருக்கு மேல் தூக்கிச் செல்லும் நீர்ச்சிறகு பயன்பட்டது; மெல்லிய காற்றிலும் ஓடக் கூடிய அக்கருவி நம் காற்றுக்குப் பொருத்தமானதே. ஆனால் அதன் தண்டு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீருக்குள் இறங்குவதால், ஏற்றத்தின் உச்சத்தை ஒட்டிய நேரம் நீங்கலாக நம் சேற்றுக்கரையில் அது தட்டி நிற்கும். குட்டைச் செதிலுடைய அகலப் பலகையே இங்கே உகந்தது.

இடங்களைத் தனித்தனியே சொல்வதானால் ஜெராமையும் பந்தாய் ரெமிஸையும் முதலில் வைப்பேன். சாலையிலிருந்து நீர் வரை தடையில்லாமல் இறங்கலாம். மக்கள் நடமாட்டம் இருப்பதால் இடர்ப்படுகிறவனைக் காணக் கண்கள் உண்டு. இவற்றுக்கு வடக்கே கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் கரையை அலையாத்தி மரங்கள் மூடியிருக்கின்றன. ஓடைநீரில் கிடக்கும் கல்லின் பின்னால் நீர் சுழல்வது போல, நிலக்காற்றும் வடகிழக்குக் காற்றும் அந்த மரச்சுவரைத் தாண்டிக் கடலில் விழும்போது, மரத்தின் உயரத்தைப்போல் பத்து மடங்குக்கு அதிகமான தூரம் வரை குழம்பியே ஓடும். மேலும் அந்தச் சேறு, வட துருவத்தை ஒட்டிய நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் வந்து இரை தேடும் கரைப்பறவைகளின் மேய்ச்சல் நிலம். பறவைகளைக் கிளப்பி விரட்டிக்கொண்டு பாய் ஓட்டுவது தகாது. சிலாங்கூர் ஆற்று முகத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். வற்றத்தின்போது ஆற்றுப் பிரவாகமும் கடலின் இறக்கமும் ஒன்றாகி மேற்கே ஓட, கடற்காற்று அதற்கு எதிரே வீசுவதால், குட்டையான செங்குத்து அலைகள் அங்கே எழும். பாசிர் பெனாம்பாங்கிலிருந்து மீன்படகுகள் இடைவிடாமல் போய்வரும். ஆனால் அம்முகத்துவாரத்தைப் பார்த்து நிற்கும் மலாவாத்தி குன்றில் ஏறிப் பார்ப்பது பெரும் பயன் தரும். டச்சுக்காரர்கள் 1784-இல் கைப்பற்றி ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயரிட்ட அக்கோட்டை மேட்டில், 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. எதிரியின் கப்பலைக் காண்பதற்காகத் தேர்ந்தெடுத்த அந்த இடத்திலிருந்து, எங்கே நீர் கருத்துச் சுருங்குகிறது, எங்கே வெண்ணுரை எழுகிறது, எங்கே சேறு இன்னும் மூடாமல் இருக்கிறது என்று கரை முழுவதையும் கற்றுக்கொள்ளலாம். செக்கிஞ்சானுக்கு அப்பால் வயல்களைக் காக்கும் கடலணை நெடுகக் குறுக்கிடுகிறது. அணையின்மேல் நின்று காற்றை அளக்கலாம், பலகையோடு இறங்குவதற்கு வசதியான இடம் குறைவு.

கடலில் ஓடும் நீரோட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. ஏற்றத்தின்போது ஜலசந்தியில் நீர் தென்கிழக்காகவும், வற்றத்தின்போது வடமேற்காகவும் ஓடுகிறது. காற்று ஓய்ந்து பாய் தொங்கிவிட்டால் பலகை போகும் வழி அதுவே. கெராங் சிப்பி வளர்க்கும் பகுதிகளைக் குறிக்க நட்ட கம்புகளும், வலைகளும் அவ்வழியில் இருக்கும். வற்றத்தில் சேற்றின் நடுவே அகப்பட்டால் இறங்கி நடக்க முயலக் கூடாது. சிப்பி எடுக்கும் தொழிலாளிகளே பலகையின்மேல் ஒரு முழங்காலை ஊன்றி மறுகாலால் உந்திச் செல்கிறார்கள், நடப்பதில்லை. பலகையின்மேலேயே படுத்துத் துடுப்பிட்டு வருவதோ, நீர் திரும்பும்வரை அதன்மேல் காத்திருப்பதோதான் உயிர்காக்கும் வழி.

அபாயங்களுள் பெரிது இரண்டு. ஒன்றைத் தோட்டத்து முதியவர்கள் கடலைக் காணாமலே அறிந்திருந்தார்கள். தென்மேற்குப் பருவ மாதங்களில், விடியலுக்கு முன்னே சுமாத்திராவின் பக்கத்திலிருந்து கருமேகம் கோடுபோல் திரண்டு வந்து, சூறைக்காற்றோடு மழையைக் கொட்டி, ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு அன்றைய மரம் நனைந்து, கோப்பையில் மழைநீர் விழுந்து, பாதி நாள் சம்பளம் போயிற்று என்பது அதன் பொருள். வானிலையாளர் அதைச் சுமாத்திராப் புயற்கோடு என்கிறார்கள். 20 நாட்டிலிருந்து 50 நாட் வரை அது காற்றை உயர்த்திவிடும். இக்காலத்தில் அதிகாலையிலும் காலையிலும் மேற்கே கருங்கோடு தெரிந்தால் கரையை விட்டு நீங்கவே கூடாது. மற்றது ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களின் பிற்பகல் இடிமழை. உள்நாட்டில் எழுந்த மழைமேகத்திலிருந்து கீழே விழும் குளிர்காற்று தரையில் பரவிக் கடலை நோக்கி ஓடிவரும்போது, அதுவரை கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்த காற்று ஒரு நிமிஷம் நின்று, எதிர்த்திசையிலிருந்து இரட்டிப்புப் பலத்தோடு கடலுக்குத் தள்ளத் தொடங்கும். முதலில் நின்ற அந்த ஒரு நிமிஷமே எச்சரிக்கை. இந்தத் தீபகற்பம் உலகில் மின்னல் மிகுந்த பிரதேசங்களுள் ஒன்று என்பதையும், வெட்டவெளி நீரில் கரிநார்ப் பாய்மரத்தைப் பிடித்து நிற்கிறவன் சுற்றுவட்டாரத்தில் உயர்ந்த பொருளாகிறான் என்பதையும் சேர்த்து நினைத்தால், கிழக்கே இடி கேட்டதும் கரையேற வேண்டிய காரணத்தை விவரிக்க வேண்டியதில்லை.

இக்கட்டுரையைப் படிக்கக் கூடிய வடசிலாங்கூர்த் தமிழர்களை எண்ணியே இவ்வளவும் எழுதினேன். ஆன்றி ஃபோகோனியே 1917-இல் மலாயாவின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டத்தை அமைத்த தென்னமரம் எஸ்டேட் கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. இத்தகைய தோட்டங்களில் வேலை செய்ய நம் முன்னோர் வங்காள விரிகுடாவைக் கப்பலில் கடந்து வந்தார்கள். வந்தபின் லய வீடுகளும் பெரட்டு என்னும் காலை ஆளெடுப்பும் பால்கொட்டகையும் கோயிலுமாக வாழ்க்கை உள்நாட்டிலேயே அடங்கிற்று. மாலையில் தோட்டத்துச் செம்பனை மட்டைகளை அசைப்பது கடற்காற்றுத்தான் என்றாலும், அது புறப்பட்டு வரும் கடலில் இறங்கி நீந்தக் கற்ற பிள்ளைகள் மிகக் குறைவு. இந்நிலை மாற வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். முதலில் நீச்சல், அதன்பிறகே பாய். கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஜெராம் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. பள்ளியின் கூரைமேல் ஒரு காற்றுத் திசைகாட்டியை நிறுத்துங்கள். நாள்தோறும் மூன்று மணிக்குக் காற்றின் திசையையும், அட்டவணையில் கண்ட ஏற்றநேரத்தையும், காலண்டரின் திதியையும் மாணவர்களைக் கொண்டு ஒரே நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஓராண்டுப் பதிவு கையில் இருந்தால், எந்த மாதத்தில் எந்தத் திதியில் ஜெராம் கரைக்குப் பலகையோடு போகலாம் என்பதை அந்தப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.